ஒரு மணி நேரம்னு யார் சொன்னது?

கோயம்புத்தூர் டு சென்னை ரயில்ல 495 கிலோமீட்டர். வானத்துல நேர்கோடு போட்டா சுமார் 400தான். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்துல பறக்கும். அரை மணி நேரம் போதுமே? ஆனா டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்கி வந்து நிக்கிறது எல்லாம் அந்தக் கணக்குல சேர்த்தி. நம்ம அலைச்சல் மட்டும் சேராது.

போன மாசம் சென்ட்ரல் பக்கத்துல ஒரு இன்டர்வியூ, மதியம் 1 மணிக்கு. நண்பன் காலை 6 மணி வந்தே பாரத்ல ஏறினான். எனக்கு 8 மணி ஃபிளைட். கவுன்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்கன்னு நானும் 5:45க்கே வீட்டை விட்டுக் கிளம்பியாச்சு. ஃபிளைட் ஒரு மணி நேரம் லேட். மீனம்பாக்கத்துல இறங்கி, பேக் வர்ற வரைக்கும் நின்னு, மெட்ரோ பிடிச்சு சென்ட்ரல் வந்தா மணி 11:45. அஞ்சே நிமிஷத்துல அவனும் வந்து இறங்கினான், நல்லா தூங்கி எழுந்த முகத்தோட! என் டிக்கெட் அவனோடதைவிட மூணு மடங்கு. பணம் அப்பாவோடது.

டெல்லிக்குன்னா நானும் ஃபிளைட்தான், ரயில்ல ரெண்டு ராத்திரி யாரால முடியும்? ஆனா 500 கிலோமீட்டருக்கு வேண்டாம்ங்க. டிக்கெட் புக் பண்ற ஆப்ல வாசல் டு வாசல் எவ்வளவு நேரம்னு ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சிடும்?