ஃபெடரர் உண்டு, ஜோகோவிச் இல்லை

2005 பிப்ரவரியில் துபாயின் புர்ஜ் அல் அரப் ஓட்டல் உச்சியிலுள்ள ஹெலிபேடில் ஃபெடரரும் அகாசியும் டென்னிஸ் ஆடினார்கள். அந்த இருவரையும் மோதவிட இன்று துபாய்வாசிக்கு ஹெலிபேட் வேண்டாம். வெளியே அனல் பறக்கும் ஜூலையிலும் ஏசி அறையில் உட்கார்ந்து 'டாப்ஸ்பின் 2கே25' ஆடலாம்.

2024 ஏப்ரலில் வந்த இந்த வீடியோ கேமின் உயிர், பந்தை அடிக்கும் விதத்தில் இருக்கிறது. பொத்தானைச் சட்டென்று தட்டினால் கட்டுப்பாடு. அழுத்திப் பிடித்துவிட்டால் வேகம். விடும் கணம் பிசகினால் பந்து கோட்டுக்கு வெளியே! பயிற்சிப் பாடத்தை நடத்துவது களத்தில் கோபத்துக்குப் பேர்போன முன்னாள் வீரர் மெக்கன்ரோவின் குரல் (இங்கே கோபப்படாத மெக்கன்ரோ!). நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளும் உண்டு.

ஆனால், துபாயில் 5 முறை பட்டம் வென்ற ஜோகோவிச் இதில் இல்லை. அவரைத் தேடுபவர்கள் 'டைபிரேக்' கேமுக்குத்தான் போகவேண்டும்.

வர்ணனையும் கிடையாது. அபாரமான ஒரு ஷாட் அடித்தாலும் பாராட்ட ஆளில்லை. சொந்த வீரரை உருவாக்கி வளர்க்கும் பகுதிக்கு, தனியாக ஆடினாலும், இணையம் கட்டாயம். முழு விலை வாங்கிய பிறகும் உள்ளே ஒரு கடை திறந்துவைத்துக் காசு கேட்பது அநியாயம்.

நண்பரோடு சோபாவில் உட்கார்ந்து ஆடத் தள்ளுபடியில் வாங்குங்கள். அந்த உள்கடைக்கு மட்டும் ஒரு திர்ஹம்கூடக் கொடுக்காதீர்கள்.