குளத்தை மூடச் சொல்லிக் கையெழுத்தா?



கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-ல் அரசு திரும்ப எடுத்துக் கொண்டதும், மழைநீரைத் தேக்க அங்கே நான்கு குளங்கள் வெட்டப்பட்டன. அந்தப் பக்கத்துத் தண்ணீர் ஐந்து பர்லாங் சாலை வழியாக எங்கள் வேளச்சேரிக்குத்தானே வருகிறது! 2015 டிசம்பரிலும், 2023 'மிக்ஜாம்' புயலின் போதும் கட்டில் மேல் அடுப்பை ஏற்றிச் சமைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நகரின் பல பூங்காக்களிலும் 'ஸ்பாஞ்ச் பார்க்' என்ற பெயரில் மாநகராட்சி சிறு சிறு குளங்கள் அமைத்திருக்கிறது.

இப்போது, இப்படிப்பட்ட பூங்காக் குளம் ஒன்றை மூடி, நடைபாதை போடச் சொல்லி பக்கத்துத் தெருப் பெண்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். "கொசு தாங்கலைக்கா, நாத்தம் குடலைப் புரட்டுது. சின்னப் பசங்க விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழியரே. ஒரு கிரவுண்ட் இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரி இரண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதே ஒரு கிரவுண்டில் ஆறடி ஆழத்துக்குக் குளம் இருந்தால் நாலு லட்சம் லிட்டர் கொள்ளும். அதாவது பதினெட்டு வீட்டு மழை தெருவுக்கு வராமல் அங்கேயே நிற்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோமே, அதற்குள் மறந்து விட்டதா?

ஆனால் இதெல்லாம் குளம் காலியாக இருந்தால்தான். அழகுக்காக எப்போதும் ததும்ப வைத்திருந்தால் ஐப்பசி அடைமழைக்கு அதில் ஏது இடம்? சித்திரை, வைகாசியில் தூர் வார வேண்டும். அடியில் படிகிற வண்டல் பிசின் மாதிரி அடைத்துக் கொள்ளும்; பிறகு தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவே இறங்காது. தண்ணீர் வரும் வாய்க்காலையும் பார்க்க வேண்டும். சில இடங்களில் குளம் ஜோராக இருக்கிறது, உள்ளே வரும் வழி மட்டும் ரோட்டை விட உயரத்தில்! ரோடு போடும் போதெல்லாம் உயர்த்திக் கொண்டே போவதால் வீடுகள் பள்ளமாகிப் போனது தனிக் கதை.

கொசு விஷயத்துக்கு வருகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது நம் வீட்டிலேயேதான். மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடியில் போட்ட டயர் இவையெல்லாம் அதன் பிரசவ ஆஸ்பத்திரிகள். ராத்திரி காதில் ரீங்காரமிடும் கியூலெக்ஸ் கொசுவுக்கு சாக்கடைத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். பூங்காக் குளம் நாறி, அங்கே கொசு மொய்க்கிறது என்றால் அதில் மழைநீரோடு வேறு ஏதோ கலக்கிறது என்றுதான் அர்த்தம். எங்கிருந்து? மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சேர்த்த கழிவுநீர்க் குழாய்களிலிருந்துதான். பாத்ரூம் தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், சில இடங்களில் அதற்கும் மேலே. கையெழுத்து வாங்குபவர்களும், போடுபவர்களும் முதலில் தங்கள் வீட்டுக் குழாய் எதில் போய்ச் சேருகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் குழாயைத் துண்டிக்காமல் குளத்தை மூடினால் நாற்றம் அடுத்த தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். துண்டித்து விட்டால், கொசுப் புழுவைத் தின்னும் சின்ன மீன்களை விட்டே மிச்சத்தைச் சமாளிக்கலாம்.

குழந்தைகள் பயத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். செங்குத்தாக சிமென்ட் சுவர் எழுப்பிய குளம்தான் ஆபத்து; விழுந்தால் பெரியவர்களே ஏற முடியாது. கரையைச் சரிவாக விட்டு, வெட்டிவேரும் கோரையும் வளர்த்தால் மண்ணும் சரியாது, விழுந்த பிள்ளையும் பிடித்து ஏறும். சுற்றி இடுப்பளவு கம்பி வேலி அவசியம். நடைபாதை வேலிக்கு வெளியே இருக்கட்டும். டைல்ஸ் வேண்டாம். மண் பாதைதான் நம் முழங்காலுக்கும் நல்லது, மழைநீரும் இறங்கும்.

ஆகவே மனு கொடுப்பதென்றால் இரண்டாகக் கொடுங்கள். வடிகாலும் பூங்காவும் மாநகராட்சியின் பொறுப்பு. தூர், வேலி, கரை அந்த மனுவில். கழிவுநீர் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. திருட்டு இணைப்புகள் இந்த மனுவில். அந்த இரண்டிலும் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

- ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை-42.