மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு விளையாடிப் பாருங்க

கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க, கடைசியில உங்ககிட்ட ஒரு உதவி கேட்கப் போறேன்.

போன மாசம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமில் ட்யூட்டி. நான் கண் டாக்டர் இல்லை, வெறும் எம்.பி.பி.எஸ். வர்றவங்க பழைய ரிப்போர்ட்டைச் சரிபார்த்து கண் டாக்டர்கிட்ட அனுப்புறதுதான் என் வேலை.

செங்கம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பி.சி.ஏ. படிக்கிறார். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகிற பரம்பரை நோய். முதல்ல இருட்டுல தெரியாது, அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கும், கடைசியில நடுப்பார்வையும் போகும். (அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அதுக்குத் தனி திரெட் எழுதணும்.)

மடியில லேப்டாப், திரை முழுக்கக் கறுப்பு. "தம்பி, லேப்டாப் ஆஃப் ஆகியிருக்கு பாருங்க"ன்னு சொன்னேன்.

சிரிச்சார். "ஸ்கிரீன் எனக்கு எதுக்கு சார்? சார்ஜ்தான் போகும்." ஹெட்போனைக் கழற்றி என் கையில கொடுத்தார். "நீங்க விளையாடுங்க சார்."

காலடிச் சத்தம் இடப்பக்கம் கேட்டது. திரும்புறதுக்குள்ள பின்னாடி இருந்து அடி. செத்துட்டேன். மூணு தடவை ஆடினேன், மூணு தடவையும் செத்தேன். ஸ்டெத் வைச்சு இடது நுரையீரல் அடியில சளிச் சத்தம் இருக்குன்னு சொல்ற ஆள் நான். காதை நம்பித்தான் பிழைப்பே நடக்குது. ஆனாலும் தோத்தேன்.

இதுக்குப் பேர் ஆடியோ கேம். படமே கிடையாது, எல்லாம் சத்தம்தான்.

எப்படி வேலை செய்யுது? இடப்பக்கம் ஒரு சத்தம் வந்தா இடது காதுக்கு முதல்ல போகும். வலது காதுக்குப் போய்ச்சேர அதிகபட்சம் 0.7 மில்லி செகண்ட் போல தாமதம் ஆகும். அந்தத் துளி இடைவெளியை நம்ம மூளைத்தண்டு அளந்துடும். நடுவுல தலை மறைக்கிறதால கீச்சுச் சத்தங்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் மங்கும். முன்னாடியா பின்னாடியா, மேலயா கீழயாங்கிறதுக்குக் காது மடலின் மடிப்புகள் துப்பு கொடுக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்டு ரெண்டு காதுக்கும் தனித்தனியா சத்தம் அனுப்பினா, சாதாரண ஹெட்போனிலேயே மனசுக்குள்ள ஒரு இடம் உருவாகிடும்.

அந்தக் கணக்கை ஒவ்வொரு கேமுக்கும் முதல்ல இருந்து எழுத முடியாது. அதுக்குத்தான் கேம் எஞ்ஜின். சத்தம், கீபோர்டு, சேமிப்பு எல்லாத்தையும் அது பார்த்துக்கும், நீங்க கதையையும் விதியையும் எழுதினா போதும்.

சிக்கலே இங்கதான். தம்பி முதல்ல ஒரு பிரபலமான எஞ்ஜினை இன்ஸ்டால் பண்ணியிருக்கார். திரையில இருப்பதைப் படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் அதுல எதையுமே படிக்கலை. எல்லாம் மவுஸால இழுத்து விடுற வேலை. காலேஜ் லேப்ல கேட்டா "உனக்கு எதுக்குப்பா கேம், டேட்டா என்ட்ரி பழகு"ன்னு அறிவுரை.

இதை மாத்தினவங்களும் பார்வை இல்லாதவங்கதான். சுவீடனின் ஃபிலிப் பென்னெஃபால் செஞ்ச பி.ஜி.டி. எஞ்ஜினில் நிறைய ஆடியோ கேம்கள் வந்தன. ஆனா அது மூடின நிரல். அவர் நிறுத்தினதும் அப்படியே நின்னுபோச்சு. அதுல செஞ்ச கேம்களை ஆன்டிவைரஸ் வைரஸ்னு தூக்கிப்போட்டது தனிக் கொடுமை. அந்த இடத்தை நிரப்ப சாம் டுபி எழுதின என்.வி.ஜி.டி. 2024இல் திறமூலமா வந்தது. காசு கிடையாது. நிரலை நோட்பேடில் எழுதலாம், ஸ்கிரீன் ரீடர் வரிவரியா படிக்கும். பெரிய எஞ்ஜின்களில் கோடோவும் 2025 செப்டம்பரில், 4.5 பதிப்பில், ஸ்கிரீன் ரீடர் ஆதரவைத் தொடங்கியிருக்கு.

அந்த ஸ்கிரீன் ரீடர் என்.வி.டி.ஏ.வும் இப்படிப் பிறந்ததுதான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் 2006இல் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துக்கிட்டார். இலவசம், தமிழும் படிக்கும். தம்பி வைச்சிருந்த வேகத்தில் அது தமிழா தெலுங்கான்னே எனக்குப் புரியலை, அது வேற விஷயம். நம்ம நாட்டு டி.வி.ராமன் 14 வயசுல குளுக்கோமாவால் பார்வை இழந்தவர். பம்பாய் ஐ.ஐ.டி.யில படிச்சு, 1995இல் எமாக்ஸ்பீக் எழுதினார். கம்ப்யூட்டரையே காதால் ஓட்டலாம்னு காட்டின ஆள்.

"கேம்தானே டாக்டர், முதல்ல வேலை வேணாமா?"ன்னு கமென்ட் வரும். வேணும். ஆனா கண் தெரியற பசங்களில் எத்தனை பேர் கேம் செய்ற ஆசையில கோடிங் கத்துக்கிட்டாங்கன்னு உங்க வீட்டுப் பசங்களைக் கேளுங்க. அதே ஆசை இவருக்கு வந்தா மட்டும் ஏன் டேட்டா என்ட்ரி? அதோட, வளர்ந்த பிறகு பார்வை போனவங்க முதல்ல இழக்கிறது ஃப்ரெண்ட்ஸைத்தான். நான் பார்த்த வரைக்கும் அதான் நிலவரம். சேர்ந்து ஆட ஒண்ணு இருந்தா அவங்க திரும்பி வருவாங்க.

அன்னைக்குச் சான்றிதழ் கைக்கு வந்துடுச்சு. பஸ் பாஸ், உதவித்தொகை எல்லாம் அவசியம், மறுக்கலை. ஆனா அந்தக் காகிதத்தில் 'வாங்குபவர்'னு மட்டும்தான் இவருக்கு இடம் இருக்கு. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க லேப்ல ஒரே ஒரு சிஸ்டத்தில் என்.வி.டி.ஏ. போடுங்க. மானிட்டரை ஆஃப் பண்ணி, மவுஸைத் தொடாம, பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. நீங்க நடத்துற மென்பொருள் இவருக்குக் கதவைத் திறக்குதான்னு அப்போ தெரியும்.

இப்போ அந்த உதவி. தம்பி செஞ்சிட்டிருக்கிற கேம் நம்ம கிரிவலம். 14 கிலோமீட்டர், மலை எப்பவும் வலது காதுப் பக்கம். ஒவ்வொரு லிங்கத்தின் மணியும் முன்னாடி கேட்டு, கிட்ட வந்து, பின்னாடி போகணும். மணியை வைச்சு வழி கண்டுபிடிக்கணும், கூட்டத்தில் இடிக்காம நடக்கணும். இந்திர லிங்கமும் அக்னி லிங்கமும் முடிஞ்சது. யம லிங்கத்தில் இருந்து சத்தம் இல்லாம நிக்குது.

வர்ற பௌர்ணமி எனக்கு நைட் ட்யூட்டி. போறவங்க யாராவது எம லிங்கத்துல இருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு நிமிஷம் செல்போனில் ரெக்கார்ட் பண்ணி இன்பாக்ஸில் அனுப்புங்க. நீங்க பேசாதீங்க, பாட்டு போடாதீங்க. செருப்பு கழற்றிட்டு நடந்தா இன்னும் நல்லது, காலடிச் சத்தம் அவருக்கு வெறுங்காலாத்தான் வேணுமாம்.