அன்னையர்க்கும் திடல் வேண்டும்

நம் தோட்டத்துத் திடலில் தாய்மார்கள் ஐவர் காற்பந்து ஆட வந்தபோது சிரித்தவர்களுள் மாணவர்களாகிய நாங்களும் இருந்தோம். இரண்டுக்கு இரண்டு என நின்ற ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில், காலையில் பால்மரம் வெட்டி வந்த ஓர் அன்னையார், கோலை நோக்கி விரைந்த பந்தைப் பாய்ந்து தடுத்துச் சேற்றில் வீழ்ந்தார். சிரிப்பு அடங்கிற்று. ஆட்டம் சமமாகவே முடிந்தது.

பெண்களுக்கு இவ்வாட்டம் ஒவ்வாது என்போர் இன்றும் உளர். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கமும் 1921 இல் அவ்வாறே கூறித் தன் திடல்களை அவர்களுக்கு அடைத்தது. முந்திய ஆண்டில்தான் லிவர்பூல் நகரில் பெண்களின் ஆட்டமொன்றைக் காண 53,000 பேர் திரண்டிருந்தனர்! 1975 இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் போட்டியில் நம் மலேசியப் பெண்களும் ஆடினர்.

ஐவர் ஆட்டத்திற்குப் பாதித் திடலே போதும். மாலைதோறும் ஆடவரே அதனை ஆள்வது முறையோ? வாரத்தில் ஒரு மாலையேனும் அன்னையர்க்கு விடுக. அன்று உலை வைக்க நாங்கள் இருக்கிறோம், தந்தையரும் இருக்கின்றனர்.