பாகற்காய்க்குள் பம்பாய்!

எங்கள் வீட்டில் போன வருஷம் வரை பாகற்காய் ஒரு காய்கறி இல்லை. மருந்து. அதுவும் அப்பாவுக்கென்றே ஏற்பட்ட மருந்து. காலை ஐந்தரைக்கு மிக்ஸி அலறும். ஒரு டம்ளர் பச்சைச் சாறு. அதைக் குடித்துவிட்டு அப்பா ஒரு முகம் காட்டுவார் பாருங்கள்... நவரசத்தில் சேராத பத்தாவது ரசம்!

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 'இதைக் குடிச்சா மாத்திரையே வேண்டாம் அண்ணாச்சி' என்று டீக்கடையில் எவனோ சொல்லித் தொலைத்திருக்கிறான். அப்பாவும் மூன்று மாதமாக மாத்திரையைப் பிரித்துப் பிரித்து பீரோவுக்குப் பின்னால் போட்டு வந்திருக்கிறார். ஒருநாள் விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை 412. டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்: "பி.காம். படிச்சிருக்கீங்களே, சாறை வரவு வச்சீங்க சரி, மாத்திரையை ஏன் தள்ளுபடி பண்ணீங்க?"

அதற்கப்புறம் மாத்திரை ஒழுங்காக இறங்கியது. சோறுதான் இறங்கவில்லை. "இனிமே எனக்கென்ன ருசி வேண்டிக்கிடக்கு?" என்று தட்டைத் தள்ளிவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மனுஷர் இளைத்துவிட்டார். எங்களுக்குப் பயமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பம்பாயிலிருந்து அத்தை வந்து இறங்கினார். மாமா காலமானபின் ஊரோடு வந்துவிட்டவர். தாராவியில் 38 வருஷம். எதிர்வீட்டு மராட்டிக்காரம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்பைக் கற்றுக்கொடுத்து, பதிலுக்கு 'பர்லி கார்லி' கற்றுக்கொண்டவர். அடைத்த பாகற்காய் என்று அர்த்தமாம். அப்பா காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"பார்லிக் கஞ்சியா? அதைத்தான் டாக்டரும் சொல்லுதான். ஆளை விடு!"

"கஞ்சி இல்ல அண்ணே, கறி!" என்றார் அத்தை. "மருமவனே, நீ வா. காயைச் சொரண்டு."

மராட்டியர்கள் 1676-லிருந்து 1855 வரை தஞ்சாவூரை ஆண்டவர்கள். ஆனால் எங்கள் வீட்டு அடுப்படிக்கு மராட்டிச் சமையல் வந்தது அரண்மனை வழியாக இல்லை, தாராவி வழியாக!

குட்டையான காயாக அரைக் கிலோ. மேல் முள்ளை லேசாகச் சுரண்டி, ஒரு பக்கம் மட்டும் கீறி, விதையை எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் தடவி அரை மணி நேரம் வைக்க வேண்டும். அப்புறம் பிழிந்தால் பாதிக் கசப்பு தண்ணீரோடு போய்விடும். (அந்தத் தண்ணீரை அப்பா கண்ணில் காட்டாமல் கொட்டினேன்.)

உள்ளே அடைக்க: வறுத்துத் தோல் நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்த நிலக்கடலை ஒரு கப், வறுத்த எள் இரண்டு ஸ்பூன், கொப்பரைத் துருவல் கால் கப், வத்தல்பொடி, உப்பு, கெட்டிப் புளி, கொஞ்சம் வெல்லம். கடைசியாக கோடா மசாலா. மல்லி, எள், கொப்பரை, பட்டை, கிராம்பு, கல்பாசி எல்லாவற்றையும் கருக வறுத்துப் பொடிப்பது. 'கோட்' என்றால் மராட்டியில் இனிப்பு. பேர்தான் இனிப்பு, பொடியில் சர்க்கரை கிடையாது.

எனக்கு ஒரே ஆச்சரியம். கடலை, எள், மல்லி, வத்தல்... எல்லாமே நம்ம கரிசல் சரக்கு! கடலையும் வெல்லமும் சேர்ந்த வாசம் கோவில்பட்டி கடலைமிட்டாயேதான். (2020-ல் புவிசார் குறியீடு வாங்கியதாக்கும்!) "அங்கேயும் நம்மளை மாதிரி கருப்பு மண்ணுதாம்ல. சோளத்தைக் கையால தட்டி பாக்ரின்னு ரொட்டி சுடுவாக" என்றார் அத்தை.

வெல்லத்தில்தான் தகராறு. டாக்டர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. பெரிய பேரத்துக்குப் பின் பத்துக் காய்க்கும் சேர்த்து ஒரு நெல்லிக்காய் அளவு, அதில் அப்பா பங்கு ஒரே ஒரு காய் என்று முடிவாயிற்று.

அடைத்த காய்களை நூலால் சுற்றி, தாராளமாக எண்ணெய் விட்டு அடுக்கி மூடினோம். மூடியாக ஒரு குழிவான தட்டு, அதன்மேல் தண்ணீர்! உள்ளே ஆவி தட்டில் பட்டுத் திரும்பச் சொட்டுமாம். அதிலேயே காய் வெந்துவிடும், அடியும் பிடிக்காது. சிறு தீயில், நடுவில் திருப்பிவிட்டு, இருபத்தைந்து நிமிஷம்.

மணம் திண்ணை வரை போயிருக்க வேண்டும். கூப்பிடாமலே அப்பா வந்து உட்கார்ந்தார். சோள ரொட்டியில் வைத்துக் கடித்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று வாயிலிருந்து நூலை உருவ ஆரம்பித்தார். வந்துகொண்டே இருந்தது, மேஜிக்காரன் மாதிரி! நூலை அவிழ்ப்பது என் பொறுப்பு. மறந்துவிட்டேன்.

"ஏலே, என்னைக் கறி திங்கச் சொன்னியா, தறி ஓட்டச் சொன்னியா?"

நாலு மாதம் கழித்து அப்பா அடித்த முதல் ஜோக். என் மனைவி அடுப்படிக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கசக்குதா அண்ணே?"

"கசக்கத்தான் செய்யுது. நல்லாருக்கு." தட்டைப் பார்த்தார். "இன்னொண்ணு வையி ஏட்டி."

"மாத்திரை?" என்றார் அத்தை, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.