முதல்ல பெல்ட், அப்புறம் பாட்டு

1) மக்களே, ரிச் மல்லின்ஸ்னு ஒரு அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர். 1988ல வந்த அவரோட 'ஆசம் காட்' பாட்டை இன்னைக்கும் பல நாட்டு சர்ச்சுகள்ல பாடுறாங்க.

2) பாட்டுல வந்த வருமானத்தை சபை மூப்பர்கள் பொறுப்புல விட்டுட்டார். ஒரு சராசரி தொழிலாளியோட சம்பளம் மட்டும் தனக்கு, மீதி தானம். கடைசி வருஷங்கள்ல நவஹோ பழங்குடிப் பகுதியில தங்கி, பிள்ளைங்களுக்கு இசை சொல்லிக்கொடுத்தார்.

3) 1997 செப்டம்பர் 19 ராத்திரி. நண்பரோட ஜீப்ல ஒரு கச்சேரிக்குப் போறார். இல்லினாய்ஸ் நெடுஞ்சாலையில வண்டி கவிழுது. ரெண்டு பேருமே சீட் பெல்ட் போடலை, வெளியே வீசப்பட்டாங்க. பின்னாடி வந்த லாரி, கவிழ்ந்த ஜீப் மேல மோதாம இருக்க ஒதுங்கி, இவர் மேல மோதிடுச்சு. வயசு 41. நண்பர் பலத்த காயத்தோட பிழைச்சார்.

4) இதை ஏன் ஓசூர்ல இருந்து சொல்றேன்? என்.எச். 44 விபத்து கேஸ் வந்தா நான் கேக்குற முதல் கேள்விகள்ல ஒண்ணு: "வண்டிக்குள்ள இருந்தாரா, வெளிய விழுந்தாரா?" 80 கி.மீ. வேகத்துல போற வண்டி மோதி நின்னுடும். பெல்ட் போடாத உடம்பு அதே 80ல போய்க்கிட்டே இருக்கும்.

5) அத்திப்பள்ளியில போலீசைப் பார்த்தா மாட்டுறோம், ஜூஜூவாடி தாண்டினதும் கழட்டுறோம். பெல்ட் அபராதத்துக்காக இல்லைங்க. கார்ல பின் சீட்டுக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

6) "கடவுள் பாத்துப்பார் டாக்டர்"னு சொல்றவங்களுக்கு: மல்லின்ஸுக்கு நம்பிக்கையில என்ன குறை? பெல்ட் போடுறது நம்பிக்கைக் குறைவு ஆகாது. இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு கேப்ல ஏறினதும் முதல்ல பெல்ட், அப்புறம் பாட்டு.