மாநகர வீதியா, விநோதப் பூங்காவா?

பாரிஸ் மாநகரின் நடுவே, நிலத்தின் கீழே, ஷத்தலே என்னும் பெரியதொரு புகையிரத நிலையம் இருக்கின்றது. அங்கே கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறி அமர்ந்தால், ஏறக்குறைய 40 நிமிடங்களில் டிஸ்னிலாந்து என்னும் விநோதப் பூங்காவின் வாயிலில் இறங்கலாம். வண்டியில் ஏறாது, படிகளில் ஏறி மேலே வந்தாலோ, பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் சேன் நதியின் பாலமொன்றைக் கடந்து, 1163ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கிய நோத்ர் டாம் தேவாலயத்தின் முன்னே நிற்கலாம். வண்டியில் ஏறுவதா, படியில் ஏறுவதா? விடுமுறைக்கு அங்கே செல்லும் குடும்பங்கள் பலவற்றை இன்று இரண்டாகப் பிரித்து வைக்கும் வினா இதுவே.

வாசகர்களே, நமக்கு இது தூரத்து வினா அன்று. பாரிசின் வடபாகத்தில் லாசப்பல் என்ற பகுதியிலே நம்மவர் கடை வைத்திருக்கின்றனர். 1985ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. கோடை முடிவிலே அப்பிள்ளையாரின் தேர் பாரிஸ் வீதிகளில் வலம் வருகின்றது. அந்நகரில் ஒரு மாமனோ சித்தியோ இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு.

என்னிடம் பயிலும் மாணவன் ஒருவனின் வீட்டிலே இவ்வழக்கு அண்மையில் எழுந்தது. மாமன் அழைத்திருக்கின்றார். அவருக்கு வேலையிலே கிடைக்கும் விடுமுறையோ ஒருநாள். எல்லாரும் ஒன்றாய்ச் சென்று வரக்கூடியது அந்த ஒருநாளில் மாத்திரமே. ஏழு வயதுத் தங்கை டிஸ்னிலாந்தைக் கனவிலும் மறவாள். பதினைந்து வயதுத் தமையன் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். அம்மம்மாவுக்கு முழங்கால் நோவு. அவர் தம் மகனைக் கண்டு பதினெட்டு ஆண்டுகள். தந்தையார் வாக்கெடுப்பு நடத்தி, அதுவும் சமமாய் முடிந்ததாம். "சேர், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று பையன் வந்து நின்றான். இரு பக்கத்து நியாயங்களையும் கேளாது தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆதலின் முதலில் பூங்காவின் வழக்கைக் கேட்போம்.

வால்ட் டிஸ்னி என்பார் தமது முதற் பூங்காவை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் திறந்தார். பாரிசுக்குக் கிழக்கே 32 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பூங்கா 1992ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. அக்காலத்திலே பிரான்சின் அறிஞர் பலர் அதனை வெறுத்தனர். நாடகத் துறையார் ஒருவர் அதனைச் செர்னோபில் அணுவுலை விபத்துக்கே ஒப்பிட்டார். ஆனால் மக்கள் அறிஞரைக் கேட்டு விடுமுறை கழிப்பதில்லை. ஐரோப்பாவிலே மிகுதியானோர் செல்லும் விநோதப் பூங்கா இன்று அதுவே. அங்கே மோட்டார் வண்டி வந்து மோதும் என்ற அச்சமில்லை. தெருவிலே குப்பையில்லை. கதையிலே கண்ட மாளிகை கண்முன்னே நிற்கும். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த மாளிகை பொய்யன்று. அது பொய்யென்று அறியும் வயது தானே வரும். அதனை நாம் முந்திக்கொண்டு கொண்டுவர வேண்டியதில்லை. ஆதலின், பூங்காவுக்குச் செல்ல விரும்பும் குடும்பத்தைப் பார்த்து, "கலையறியாதார்" என்று நகைப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை.

எனினும் அப்பூங்காவின் உள்ளே முதலில் இருப்பது யாது என்று நோக்குங்கள். ஓர் அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு! டிஸ்னி சிறுவனாய் வாழ்ந்த மிசூரி மாநிலத்து மார்சலின் என்ற ஊரை நினைந்து, முதற் பூங்காவில் அமைத்த தெருவின் வழிவந்தது அது. அம்முதற் தெருவின் கட்டடங்களில் மேல்மாடிகளைக் கீழ்மாடியினும் சிறிதாக்கிக் கட்டினர். பார்ப்பவர்க்குக் கட்டடம் உயர்ந்து தோன்றும், தெருவோ அச்சந்தராது. இரு மருங்கும் கடைகள், நடுவே நடக்கும் மக்கள், ஓட்டமும் ஒலியும் இல்லாத ஒரு வீதி. மக்கள் விலை கொடுத்து அதனுள்ளே செல்கின்றனர். மோட்டார் வண்டிகளுக்கு ஊரைக் கொடுத்துவிட்ட ஒரு சமுதாயம், நடப்பதற்கேற்ற ஒரு தெருவை வாயிற்சீட்டு வாங்கிக் காணச் செல்கின்றது. இதிலே சிரிப்பதற்கும் இடமுண்டு, சிந்திப்பதற்கும் இடமுண்டு.

டிஸ்னியும் இதனைச் சிந்தித்தவரே. தம் இறுதிக் காலத்தில், 1966ஆம் ஆண்டிலே, அவர் வகுத்த பெருந்திட்டம் ஒரு நகரத்துக்கானது. 20,000 மக்கள் வாழும் அந்நகரின் நடுவிலே மோட்டார் வண்டிகள் நிலத்தின் கீழே ஓட, மேலே மனிதர் அச்சமின்றி நடப்பர் என்பது அவர் எண்ணம். அவ்வாண்டு டிசெம்பரிலே அவர் காலமானார். எப்கொட் என்ற அவ்வூரின் பெயர் மாத்திரம் எஞ்சியது. 1982ஆம் ஆண்டு புளோரிடாவில் அப்பெயரோடு திறக்கப்பட்டது குடியிருப்போரில்லாத இன்னுமொரு பூங்காவே. ஒருவர் தனியே திட்டம் வகுத்து ஒரு பூங்காவைச் செய்யலாம். நகரத்தைச் செய்வதற்குப் பல தலைமுறைகளும் பல சண்டைகளும் வேண்டும்.

இனி நகரத்தின் வழக்கைக் கேட்போம். பாரிஸ் பெருநகரேயாயினும் பரந்த நகரன்று. 1973ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்ற 35 கிலோமீற்றர் வட்டச்சாலைக்குள்ளே அந்நகர் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. 1900ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய நிலக்கீழ்ப் புகையிரதத்துக்கு இன்று 300க்கு மேற்பட்ட நிலையங்கள் உண்டு. கால் ஓய்ந்தபோது வண்டி, ஓய்வு தீர்ந்தபோது நடை என்று நாளைக் கழிக்கலாம்.

நடப்பதற்கேற்ற இந்த அமைதி இயற்கையாய் வாய்த்ததன்று. சேன் நதியின் மேலே "புதுப்பாலம்" என்று பெயர்கொண்ட பாலமொன்று உண்டு. பெயர் புதிதாயினும் இன்று அந்நகரில் நிற்கும் பாலங்களுள் அதுவே மிகப் பழையது. 1607ஆம் ஆண்டிலே முற்றுப்பெற்ற அப்பாலத்தில் வீடுகளைக் கட்டவிடாது, சேற்றுக்கும் குதிரை வண்டிகளுக்கும் எட்டாதவாறு நடப்போர்க்கென உயர்ந்த நடைபாதை அமைத்தனர். பின் 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற அதிகாரி பழைய சந்துகளை இடித்து, மரநிழல் கொண்ட அகன்ற வீதிகளை அமைத்தார். அவ்வழகின் விலையாய் ஏழைகள் பல்லாயிரவர் நகரின் புறத்தே தள்ளப்பட்டனர் என்பதையும் மாணவர்கள் மறத்தலாகாது. 1967ஆம் ஆண்டிலே நதியின் வலக்கரையை மோட்டார் வண்டிகளின் விரைவுச் சாலையாக்கினர். 2016ஆம் ஆண்டிலே, எதிர்ப்புகளுக்கும் வழக்குகளுக்கும் இடையே, அதன் நடுப்பகுதியை வண்டிகளுக்கு அடைத்து, நடப்போர்க்குத் திருப்பிக் கொடுத்தனர். இன்று அக்கரையிலே ஒரு குழந்தை ஓடி விளையாடுகின்றதென்றால், அதன் பின்னே ஒரு நகர சபையின் துணிவும் நீதிமன்றப் படிகளும் இருக்கின்றன. பூங்காவின் தெரு வாங்கப்பட்டது. நகரத்தின் தெரு வாதாடிப் பெறப்பட்டது. பதினைந்து வயது மாணவன் காணவேண்டிய வேற்றுமை இதுவே.

செலவையும் கணக்கிடுவோம். லூவ்ர் நூதனசாலையிலே 18 வயதுக்குட்பட்டோர்க்குக் கட்டணமில்லை. நகர சபையின் நூதனசாலைகளில் நிரந்தரக் காட்சிகளை எவரும் இலவசமாய்க் காணலாம். பாரிசின் வரலாற்றைக் கூறும் கார்னவாலே நூதனசாலை அவற்றுள் ஒன்று. பாலத்துக்கும் நதிக்கரைக்கும் சீட்டு வேண்டியதில்லை.

நிற்க, அம்மம்மாவின் முழங்கால் என்னாவது? நகரத்தைப் புகழ்வோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே. பாரிசின் பழைய நிலக்கீழ் நிலையங்களிற் பெரும்பாலானவற்றிலே படிக்கட்டுகளே உண்டு. "நடக்கத்தக்க நகரம்" என்று நாம் சொல்லும்போது யாருடைய கால்களை எண்ணிச் சொல்கின்றோம்? ஆனால், பூங்காவிலே நடை குறைவென்று எண்ணுவோரும் ஏமாறுவர். அங்கும் நாள் முழுதும் நடையே. அதனோடு வரிசையிலே காத்துநிற்றலும் சேரும். உயரம் 102 சதமமீற்றருக்குக் குறைந்த சிறுவரை ஏற்றாத விளையாட்டுகளும் உண்டு. அம்மம்மாவை ஏற்றக்கூடாத விளையாட்டுகள் அதனினும் பல. பேரப்பிள்ளைகளின் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வாங்கிலே அமர்ந்திருப்பதே அவருடைய பங்காய் முடியலாம். நகரத்திலோ தெருவின் மேலே ஓடும் பஸ் வண்டி இருக்கின்றது. அது தாழ்ந்த தளமுடையது; சன்னலருகே அமர்ந்தால் நகரமே அவர்முன் நடந்து செல்லும்.

தங்கையின் கண்ணீருக்கும் மறுமொழி வேண்டும். லுக்சம்பர்க் தோட்டத்தின் நடுவே பெரியதொரு தடாகம் உண்டு. அங்கே பாய்கட்டிய சிறு மரக்கப்பல்களைச் சிறுவர்க்கு வாடகைக்குக் கொடுப்பர். கோலினாலே கரையிலிருந்து தள்ளிவிட வேண்டும். பின் காற்று கொண்டுபோகும் கரைக்கு ஓடிச்சென்று காத்திருக்க வேண்டும். எந்தக் கரைக்கு வரும் என்பதை எவரும் முன்னே அறியார். எனினும் அவளை ஏமாற்றி அழைத்துச் செல்லுதல் தகாது. "இம்முறை மாளிகையில்லை, கப்பல் உண்டு" என்று முன்னரே உண்மை சொல்லுங்கள். உண்மையைத் தாங்கும் வலிமை, நாம் எண்ணுவதிலும் பார்க்கக் குழந்தைகளுக்கு மிகுதி.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். இரண்டு இடங்களுள் எது உயர்ந்தது என்று கேட்டால் இவ்வழக்கு என்றும் தீராது. அந்த ஒருநாளிலே வழிகாட்டுபவர் யார் என்று கேட்டால் உடனே தீர்ந்துவிடும். பூங்காவினுள்ளே மாமனும் ஒரு விருந்தாளியே. அங்கே அவர் செய்யக்கூடியது வரிசையிலே இடம்பிடிப்பதும் பணம் கொடுப்பதுமாம். நகரத்திலோ அவர் விருந்து செய்பவர். "நான் வந்த புதிதில் இந்தச் சந்தியிலேதான் வழி தவறினேன், இந்த உணவுச்சாலையின் பின்கட்டிலேதான் கோப்பை கழுவினேன், உங்கள் கடிதங்களை இந்த வாங்கிலே இருந்துதான் வாசித்தேன்" என்று அவர் சொல்லக்கூடிய இடங்கள் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் தம் மகன் எங்கே நடந்தான் என்பதை அந்தத் தாய் அறிய வேண்டாமா? தெருவிலே நடக்கும்போது வாய் திறப்பது போல, வீட்டு மண்டபத்திலே எதிரெதிர் அமர்ந்து வாய் திறவாத ஆண்களை நாம் அறிவோம். ஆதலின் இக்குடும்பத்துக்கு நகரமே என்பது என் தீர்ப்பு.

இத்தீர்ப்புக்கு ஒரு நிபந்தனையுண்டு. காலை எட்டு மணிக்குக் கோபுரம், ஒன்பதரைக்குத் தேவாலயம், பதினொன்றுக்கு நூதனசாலை என்று பட்டியலிட்டு ஓடுவீர்களாயின், தயவுசெய்து பூங்காவுக்கே செல்லுங்கள். அங்கே ஓடுவோர்க்கு வேண்டிய வசதிகள் யாவும் உண்டு. நகரத்துக்குச் செல்வீர்களாயின், அம்மம்மாவின் நடையே எல்லாருடைய நடையுமாகுக. அவர் நிற்குமிடத்திலே நில்லுங்கள். ஈபிள் கோபுரம் 1889ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. இன்னுமொரு முறை வரும்போதும் நிற்கும்.

வேறு குடும்பத்துக்கு வேறு தீர்ப்புப் பொருந்தலாம். குழந்தைகள் யாவரும் சிறுவராய், அந்நகரிலே அறிந்தவர் எவருமில்லாதிருப்பின், கிழக்கே செல்லும் வண்டியில் மனநிறைவோடு ஏறுங்கள். எவ்வண்டியில் ஏறுவதாயினும், அந்த நாள் யாருக்குரியது என்பதை வீட்டிலே இருக்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நிலையத்தின் படிக்கட்டிலே நின்று அதனைப் பேசத் தொடங்கினால், நாளின் பாதி அங்கேயே கழிந்துவிடும்.